'என்தூசியாசம்' வசைச்சொல்லாய் இருந்த காலம்



நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் எழுதும் விண்ணப்பங்களில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று 'என்தூசியாசம்', மற்றது 'பாஷன்'. கணினியில் பாஷன், கணக்கியலில் பாஷன், குழுவாகப் பணியாற்றுவதில் என்தூசியாசம். நற்சான்றுக் கடிதம் கேட்டு வருவோருக்கு நானும் இவற்றைத் தாராளமாகவே எழுதிக் கொடுத்து வருகிறேன். ஆனால் 1750களில் இதே இங்கிலாந்தில் ஒரு குருவானவர் தம் பங்கு இளைஞனைப் பற்றி 'என்தூசியாசம் மிக்கவன்' என்று எழுதியிருந்தால், அது அவனுக்குச் செய்த தீங்காகவே முடிந்திருக்கும். சித்தம் தடுமாறியவன், வீட்டுக்குள் சேர்க்கத் தகாதவன் என்றே படித்தவர் பொருள் கொண்டிருப்பார்.

சொல்லின் பிறப்பு உயர்ந்ததுதான். கிரேக்கத்தில் 'என்' என்றால் உள்ளே. 'தெயோஸ்' என்றால் கடவுள். தெய்வம் தன்னுள் குடிகொள்ளப் பெற்றவனின் நிலையே அது. நம் ஊர்களில் 'சாமி வந்தது' என்று சொல்வதற்கு ஏறக்குறைய நிகரானது. அந்தச் சொல் இங்கிலாந்தில் இழிவடைந்ததற்குக் காரணம் உண்டு. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது; 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. அந்தக் கொந்தளிப்பில், தூய ஆவி தங்களோடு நேரடியாகப் பேசுகிறார் என்று முழங்கிய குழுக்கள் பல எழுந்தன. 1656இல் ஜேம்ஸ் நெய்லர் என்ற குவேக்கர் போதகர், ஆண்டவர் எருசலேமில் நுழைந்ததை நினைவூட்டும் வகையில் குதிரையேறி பிரிஸ்டல் நகருக்குள் புகுந்தார். சூழ வந்தவர்கள் துதி பாடினார்கள். நாடாளுமன்றமே அவரை விசாரித்து, நாக்கைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைக்கவும், நெற்றியில் சூடு போடவும் கட்டளையிட்டது. அதே ஆண்டில் ஹென்றி மோர் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் இந்த மனநிலையை ஒரு நோயாக ஆராய்ந்து நூல் வெளியிட்டார். உள்ளத்தின் கொதிப்பு நாட்டையே எரித்துவிடும் என்று ஒரு தலைமுறை அஞ்சியது. அவர்கள் கண்டதைக் கண்டிருந்தால் நாமும் அஞ்சியிருப்போம்.

அச்சம் தணிந்தபின் ஏளனம் வந்தது. ஜான் லாக் 1700இல் தம் பெருநூலின் நான்காம் பதிப்பில் இதைக் கண்டித்து ஓர் அதிகாரமே சேர்த்தார். பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி லண்டனுக்கு வந்த சில புரொட்டஸ்தாந்தினர், பரவச நிலையில் நடுநடுங்கி இறைவாக்கு உரைத்தனர். அவர்களைத் தண்டிக்க வேண்டாம், சிரித்துவிட்டாலே போதும் என்று ஷாஃப்ட்ஸ்பரி பிரபு 1708இல் எழுதினார். டாக்டர் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியில், தனக்கு மட்டும் இறைவெளிப்பாடு கிடைத்ததாகக் கொள்ளும் வீண் நம்பிக்கை என்றே இச்சொல்லுக்குப் பொருள் தந்தார்.

இதன் முழு வேகமும் ஒருவர் மீது விழுந்தது: ஜான் வெஸ்லி. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் தம் உள்ளத்தில் ஓர் அனல் மூண்டதை உணர்ந்தவர் அவர். ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டபோது திறந்த வெளியில், சுரங்கத் தொழிலாளர் நடுவே போதித்தார். கேட்டவர்கள் அழுதார்கள், சிலர் நிலத்தில் விழுந்தார்கள். மறு ஆண்டே பிரிஸ்டல் ஆயர் ஜோசப் பட்லர் அவரை அழைத்து, தூய ஆவியின் சிறப்புக் கொடைகள் தமக்கு உண்டென்று உரிமை கொண்டாடுவது அருவருக்கத்தக்கது என்று கடிந்து, தம் மறைமாவட்டத்தை விட்டு வெளியேறும்படி கூறினார். பட்லர் கொடியவர் அல்லர். அக்காலத்தின் ஆழ்ந்த இறையியலாளருள் ஒருவர். கற்றவரின் பொதுக் கருத்தையே அவர் சொன்னார். 1743இல் வெட்னஸ்பரியில் மெதடிஸ்தரின் வீடுகள் சூறையாடப்பட்டபோது, கல்லாதவரும் தம் கருத்தைச் சொன்னார்கள்.

கத்தோலிக்கராகிய நாம் சிறிது நின்று பார்க்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. 1749 முதல் எக்ஸிட்டர் ஆயர் ஜார்ஜ் லாவிங்டன், மெதடிஸ்தரையும் 'பாப்புமாரை'யும் ஒப்பிட்டுப் பெயர் போடாமல் ஒரு நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். மெதடிஸ்தர் பித்தர்கள் என்று நிறுவ அவர் காட்டிய சான்றுகளுள் நம் புனிதர்களின் வரலாறுகளும் இருந்தன! அசிசி நகர் பிரான்சிஸ் அதைச் செய்தார், லொயோலா இஞ்ஞாசியார் இதைச் செய்தார், வெஸ்லியின் ஆட்களும் அவ்வாறே செய்கிறார்கள், ஆகையால் இருவரும் ஒரே வகையினர் என்பது அவர் வாதம். நம்மை வெறுத்தவர் எழுதியதுதான். எனினும் பிரான்சிஸையும் வெஸ்லியையும் ஒரே வரிசையில் நிறுத்தியதில், தம்மையறியாமல் அவர் ஓர் உண்மையைத் தொட்டுவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

வெஸ்லி எப்படி விடையளித்தார்? 1750இல் வெளியான ஒரு மறையுரையில், என்தூசியாசம் ஒருவகைச் சமயப் பித்தே என்று அவரும் ஒப்புக்கொண்டார். பின்னர் அந்தச் சொல்லைத் திருப்பிப் பிடித்தார். கிறிஸ்தவனாக வாழாமலே தன்னைக் கிறிஸ்தவன் என்று கருதிக்கொள்பவனே முதல் பித்தன் என்றார். கடவுள் தந்த வழிகளைக் கையாளாமல் விளைவை மட்டும் எதிர்பார்ப்பவன் மற்றொரு பித்தன் என்றார். இது வெறும் பேச்சாக நிற்கவில்லை. 1747இலேயே ஏழைகளுக்கென எளிய மருத்துவக் குறிப்புகளைத் தொகுத்து மலிவான நூலொன்றை வெளியிட்டிருந்தார். பரவசக்காரர் என்று தூற்றப்பட்டவர் மருத்துவ நூல் எழுதினார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; மீண்டும் அதற்கு வருவேன்.

அந்த 'பித்தர்களின்' வழிவந்தவர்களே 1813இன் இறுதியில் இலங்கைக்குப் புறப்பட்டார்கள். தலைவர் தாமஸ் கோக் வழியிலேயே இறந்து, இந்தியப் பெருங்கடலில் அடக்கம் செய்யப்பட்டார். மற்றவர்கள் காலியில் கரையேறினார்கள். சிலர் யாழ்ப்பாணம் சென்றார்கள். 1816இல் அவர்கள் தொடங்கிய பள்ளியே இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. உங்களுள் சிலருடைய பாட்டனார் அங்கே பயின்றிருப்பார்.

'பாஷன்' என்பதன் வரலாறு வேறு. அது லத்தீனில் 'துன்புறுதல்'. ஆங்கிலத்தில் அது முதலில் குறித்தது ஆண்டவரின் பாடுகளையே. பின்னரே ஆளை அலைக்கழிக்கும் உணர்ச்சி, காதல், தீராத ஈடுபாடு என்று கிளைத்தது. நம் வீடுகளில் கொடித்தோடை என்கிறோமே, அந்தப் பழத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரும் இதிலிருந்து வந்ததுதான். தென் அமெரிக்காவில் அதன் பூவைக் கண்ட மறைபரப்பாளர், இழைவட்டத்தில் முள்முடியையும், மூன்று சூல்முடிகளில் ஆணிகளையும், ஐந்து மகரந்தப் பைகளில் திருக்காயங்களையும் கண்டார்கள். தமிழில் நாம் 'பாடு' என்பதை விருப்பம் என்ற பொருளுக்கு நழுவவிடவில்லை. 'கணக்கியலில் எனக்குப் பாடு உண்டு' என்றால் நம் பாட்டிமார் இரக்கப்படுவார்கள்.

லண்டனில் ஷாஃப்ட்ஸ்பரி சிரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஒல்லாந்தர் ஆட்சிக்கு உட்பட்ட இலங்கையில், கோவாவிலிருந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக்கொண்டிருந்தார். 1742இல் அவர் மறைந்தார். தவக்காலத்தில் நாம் இழுத்துப் பாடும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்தது. தடை செய்யப்பட்ட ஒரு திருச்சபையை, ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி அழவைத்தே அவர் காப்பாற்றினார் என்பது என் கருத்து.

இன்று என்தூசியாசம் பாராட்டாகிவிட்டது. அது விட்டுச் சென்ற இடத்தில் வேறொரு சொல் அமர்ந்துள்ளது: 'இமோஷனல்'. இதன் மூலச்சொல் பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தபோது, மக்கள் கிளர்ச்சி, தெருக் கலவரம் என்ற பொருளும் அதற்கு இருந்தது. உள்ளத்து உணர்வுகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக அது நிலைபெற்றது, எடின்பரோவில் தாமஸ் பிரவுன் ஆற்றிய விரிவுரைகள் 1820இல் நூலான பிறகுதான். கலவரத்தின் வாடை இன்னும் முற்றாகப் போகவில்லை. ஒருவரை 'இமோஷனல்' என்று சொன்னால், அவர் சொல்வதைக் கேட்கத் தேவையில்லை என்று பொருள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம் வெள்ளிக்கிழமைச் செபக்குழுவினர் மிகவும் 'இமோஷனல்' என்றும், ஆங்கிலப் பங்கு மக்கள் முன்னிலையில் கைகளை உயர்த்திக் கண்ணீர் வடிப்பது நமக்கு அழகல்ல என்றும் என்னிடம் சிலர் முறையிட்டுள்ளனர். வேறு சிலர், குழுவில் ஒருவருக்கு 'நீங்கள் குணமடைந்துவிட்டீர்கள், மாத்திரையை நிறுத்துங்கள்' என்று சொல்லப்பட்டதாகக் கூறினர். இரண்டும் ஒரே முறைப்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். அல்ல. முதலாவது ஷாஃப்ட்ஸ்பரியின் முறைப்பாடு; இரண்டாவது வெஸ்லியின் முறைப்பாடு. குழுத் தலைவர்களோடு நான் பேசிவிட்டேன். மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அக்குழுவில் எவருக்கும் இல்லை. மீறினால் அவர் குழுவை நடத்த முடியாது. வரும் தவக்காலத்திலும் வெள்ளிதோறும் மாலை ஏழு மணிக்கு ஆலயத்திலேயே வியாகுலப் பிரசங்கம் பாடப்படும். குரலைத் தாழ்த்தும்படி நான் எவரையும் கேட்கப்போவதில்லை.