விடைபெற்றுச் சென்றவர்களும் விடைபெறாமல் போனவர்களும்



யூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய கதையும், பள்ளிக்கூடம் வளர்ந்த கதையும் அதில் இடம்பெறுவது வழக்கம். அடிக்கல் நாட்டிய நாள், கட்டடம் அர்ச்சிக்கப்பட்ட நாள், பணியாற்றிய குருக்கள், கன்னியர், ஆசிரியர் பெயர்கள் எல்லாம் வரும். அவற்றை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் பள்ளியின் ஒரே ஒரு நாளைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதுதான் பிரிவுபசார விழா நாள்.

கரிசல் காட்டில் பருத்தி வெடித்துக் கிடக்கும் மாசி மாதத்தில் நம் பள்ளிகளில் அவ்விழா நடக்கும். காலையில் திருப்பலி. பீடத்தின் முன் தேர்வுச் சீட்டுகளும் பேனாக்களும் மந்திரிக்கப்படும். பிறகு தலைமையாசிரியரின் அறிவுரை, மாணவர் ஒருவரின் தழுதழுத்த நன்றியுரை, கையில் மெழுகுதிரி, மிக்சர் பொட்டலமும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும், கடைசியில் மரத்தடியில் ஒரு குரூப் போட்டோ. இந்தப் போட்டோவில் நிற்பவர்களை நாம் எல்லாரும் பார்க்கிறோம். அதில் இல்லாதவர்களைப் பற்றி யாராவது கேட்டதுண்டா?

ஞானப்பிரகாசியார் விடைபெற்றது

நம் வட்டாரத்து விசுவாசத்தின் தாய்வீடு காமநாயக்கன்பட்டி. ஆகஸ்டு 15-ஆம் நாள் பரலோக மாதா திருவிழாவுக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போன குடும்பங்கள் நம்மில் பல உண்டு. புனித அருளானந்தரும் வீரமாமுனிவரும் மேய்ப்புப் பணி செய்த மண் அது. அங்குள்ள மேல்நிலைப் பள்ளி புனித அலோசியஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் முன்னோர் ஞானப்பிரகாசியார் என்று அழைத்த புனிதர் அவரே.

இதில் ஓர் இனிய பொருத்தம் இருக்கிறது. வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். அதே ஊரில் 1568-இல் பிறந்தவர்தான் ஞானப்பிரகாசியார். அவ்வூர்ப் பிரபுவின் மூத்த மகன். பட்டத்துக்குரிய உரிமையைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 1585-இல் பதினேழாம் வயதில் வீட்டாரிடம் விடைபெற்று உரோமையில் சேசு சபையில் சேர்ந்தார். கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்து அதே நோயால் 1591-இல் இருபத்து மூன்றாம் வயதில் இறந்தார். 1726-இல் புனிதர் பட்டமும், 1729-இல் மாணவர்களின் பாதுகாவலர் என்ற சிறப்பும் அவருக்குக் கிடைத்தன. வீட்டை விட்டுப் புறப்பட்டவர் பிறருக்காகவே புறப்பட்டார் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

வீரமாமுனிவர் உபதேசியார்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் நூலை எழுதினார். 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டு, 1838-இல் அச்சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பி வரும்வரை, குருக்கள் அருகிப்போன அந்நாட்களில் சிற்றூர்களில் விசுவாசத்தைக் காத்தவர்களில் உபதேசியார்கள் முக்கியமானவர்கள். செபமும் ஞானோபதேசமும் சொல்லித் தந்தவரே பல ஊர்களில் எழுத்தும் கணக்கும் சொல்லித் தந்த வாத்தியாராகவும் இருந்தார்.

1923-இல் திறந்த இரண்டு வாசல்கள்

சென்னை இராஜதானியில் எஸ்.எஸ்.எல்.சி. முறை 1911-இல் வந்தது. பதினோரு வகுப்பு முடித்து அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கியவன் ஊரில் பெரிய மனிதன். அவன் மேலே படிக்க 1923-இல் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியின் வாசல் திறந்தது. தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, மேதகு திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் ஆயரானதும் அதே ஆண்டில்தான்.

அந்த ஆண்டிலேயே வேறொரு வாசலும் திறந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அது சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. மழை பொய்த்தால் சோளமும் கம்பும் பருத்தியும் பொய்த்துவிடும் நம் பூமியில் பட்டினியைத் தாங்கிக்கொள்ள அத்தொழில் கைகொடுத்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்களே வசதி என்று கண்டபோது, நம் பிள்ளைகள் கல்லூரி வாசலுக்குப் போகாமல் அந்த வாசலுக்குப் போனார்கள்.

நான் பிறந்த ஊரில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து ஹாரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தோடு தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு சிறுவரும் சிறுமியரும் ஏறுவார்கள். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன், ஒரு திங்கட்கிழமை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சில வாரங்களில் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் அடிக்கப்பட்டது. அவனுக்குத் திருப்பலி இல்லை, மெழுகுதிரி இல்லை, போட்டோ இல்லை. கரிசல் பூமியில் மிகப் பல பிள்ளைகளின் பிரிவுபசாரம் இப்படித்தான் நடந்தது.

அந்தப் பிள்ளைகளை மீட்டவை

இந்நிலை தானாக மாறிவிடவில்லை. 1956-இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை நம் பக்கத்து எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பதினான்கு வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைப்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சிவகாசிச் சிறுவர் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இவற்றுக்கிடையே, 1978-இல் பழைய பதினோராம் வகுப்பு முறை மாறி, மேல்நிலைக் கல்வி நம் ஊர்ப் பள்ளிகளுக்கே வந்து சேர்ந்தது. புகுமுக வகுப்புக்காகப் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ போய்த் தங்கிப் படிக்க வேண்டியிருந்த நிலை நீங்கியதால், நம் பெண்பிள்ளைகள் பெரும் பயன் பெற்றனர்.

திருச்சபையும் இதில் கடமை உணர்த்தியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, படிப்பை முடித்துப் போகிறவர்களுக்கு ஆலோசனையாலும் நட்பாலும் ஆசிரியர்கள் தொடர்ந்து துணை நிற்க வேண்டும் என்கிறது. நம் பாளையங்கோட்டை மறைமாவட்டம் பிறந்த 1973-ஆம் ஆண்டில்தான் சேசு சபைத் தலைவர் அருட்தந்தை அருப்பே, தம் பள்ளிகளின் பழைய மாணவர்களைக் கூட்டி, பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே கல்வியின் நோக்கம் என்று எடுத்துரைத்தார். ஞானப்பிரகாசியார் வாழ்ந்து காட்டியதும் அதுவே.

இனி நாம் செய்ய வேண்டியது

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் பிரிவுபசார விழாவுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் நரைத்த தலையோடு ஒருவர் வந்து கைகூப்பினார். பார்த்ததும் தெரிந்துகொண்டேன். என் ஐந்தாம் வகுப்புத் தோழர்! அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். போட்டோ எடுக்கும் நேரத்தில் அவர் தயங்கித் தயங்கி, “சாமி, நானும் ஒரு ஓரமா நின்னுக்கிடட்டுமா?” என்று கேட்டார். தலைமையாசிரியர் அவரை மகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக என் தோழருக்குக் கிடைத்த பிரிவுபசாரம் அது.

அன்பார்ந்தவர்களே, தீப்பெட்டி ஆபீஸ் வண்டி அதிகாலையில் பிள்ளைகளைத் தேடி வந்த காலம் போய்விட்டது. ஆனாலும் பத்தாம் வகுப்போடு நின்று வேலை தேடிப் போகிற பையன்களும், பள்ளிப் படிப்போடு நிறுத்தப்படுகிற பெண்பிள்ளைகளும் நம் தெருக்களில் இன்றும் உண்டு. ஆகவே இந்த யூபிலி ஆண்டில் ஒன்றை மட்டும் கேட்கிறேன். பிரிவுபசார விழாவுக்கு முன்பாக, அந்த வகுப்போடு சேர்ந்து படிக்கத் தொடங்கிய நம் பங்குப் பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது நிற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். குறைகிற பெயர்களை அன்பியங்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, வீடு தேடிப் போகட்டும். கட்டணமா, கடனா, வீட்டில் நோயா என்று காரணம் கேட்டு, வின்சென்ட் தே பவுல் சபையோடு சேர்ந்து வழி செய்யட்டும். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனின் மந்தை அல்லவா நாம்?

படித்து முடித்துச் செல்லும் செல்வங்களே, சென்னைக்கோ திருப்பூருக்கோ கடல் கடந்தோ எங்கே போனாலும் இறைவன் உங்களோடு வருவார். உங்களோடு ஒன்றாம் வகுப்பில் இருந்து, போட்டோவில் இல்லாமற் போன ஒருவரையாவது நினைத்துத் தேடுங்கள். பரலோக அன்னையின் பரிந்துரையால் உங்கள் போக்கும் வரவும் ஆசீர்வதிக்கப்படுவதாக.