மரபணு வேறுபாடு, கொழுப்புத் திசு, உயர் இரத்த அழுத்தம்

உயர் இரத்த அழுத்தம் என்பது, இதயம் சுருங்கும்போது தமனிச் சுவரில் ஏற்படும் அழுத்தம் 140 மில்லிமீட்டர் பாதரசத்தையோ, இதயம் விரியும்போது உள்ள அழுத்தம் 90 மில்லிமீட்டரையோ எட்டி, பலமுறை அளந்தும் இறங்காதிருக்கும் நிலையாகும். மக்களிடையே இரத்த அழுத்தத்தில் காணப்படும் ஏற்றத்தாழ்வில் 30 முதல் 50 விழுக்காடு பரம்பரையால் அமைவதாக இரட்டையர், குடும்ப ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. எனினும் மரபணு வேறுபாடு, அதாவது டி.என்.ஏ. வரிசையில் ஆளுக்கு ஆள் அமையும் சிறு மாற்றம், பொதுவாகத் தனித்து நின்று ஏறத்தாழ 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் அழுத்தத்தைக் கூட்டுகிறது. இத்தகைய வேறுபாடுகளில் ஒரு பகுதி கொழுப்புத் திசுவின் வழியாகவே இரத்தக் குழாயை எட்டுகிறது.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. குடலையும் கல்லீரலையும் சூழ்ந்துள்ள வயிற்று உட்கொழுப்பு பல இயக்குநீர்களைச் சுரக்கிறது: லெப்டின் பரிவு நரம்புகளைத் தூண்டி அழுத்தத்தை உயர்த்துகிறது, ஆஞ்சியோடென்சினோஜன் என்னும் புரதம் வேறொரு பொருளாக மாறிக் குழாய்களைச் சுருக்கிச் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்குகிறது, அடிபோனெக்டின் மட்டும் குழாய்களைத் தளர்த்திக் காக்கிறது. சென்னையில் மருத்துவர் வி. மோகன் தலைமையிலான ஆய்வுக் குழு, அடிபோனெக்டின் மரபணுவிலுள்ள ஒரு வேறுபாடு உடற்பருமனுடனும் அந்த இயக்குநீரின் குறைவுடனும் சேர்ந்து வருவதைத் தமிழ்நாட்டு மக்களிடம் கண்டு 2008இல் வெளியிட்டது. மெலிந்த தோற்றத்துக்குள் மிகுந்த கொழுப்பு ஒளிந்திருக்கும் இந்திய உடல்வாகைப் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் தம் உடலைக் கொண்டே காட்டினார்: அவருக்கும் பிரிட்டானிய மருத்துவர் ஜான் யட்கினுக்கும் உடல் நிறை குறியீடு 22.3 என ஒன்றாகவே இருந்தும், கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடாகவும் யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடாகவும் இருந்தது.

கொழுப்பு மிகுந்தால் அழுத்தமும் கூடும் என்பது எல்லாரிடமும் அப்படியே நிகழ்வதில்லை. பசியை அடக்கும் எம்.சி.4.ஆர். என்ற மரபணு செயலிழந்தவர்கள் மிகப் பருத்திருந்தும், அவர்களுடைய இரத்த அழுத்தம் ஒத்த பருமனுள்ள பிறரைவிடக் குறைவாக இருப்பதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. கொழுப்பிலிருந்து எழும் செய்தி மூளை வழியே பரிவு நரம்புகளை அடைந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி போன்ற ஊர்களுக்கு இவ்வறிவு மிகவும் வேண்டியது. மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் செதுக்குவோர் நெடுநேரம் அமர்ந்தே வேலை செய்கின்றனர். உடலியக்கமோ மரபின் தாக்கத்தைத் தணிக்கிறது: எஃப்.டி.ஓ. என்ற மரபணுவிலுள்ள வேறுபாடு பருமனுக்குத் தரும் வாய்ப்பு, உடலியக்கம் உள்ளவர்களிடம் 27 விழுக்காடு குறைந்திருப்பதை 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. நோய் வருமுன் அறிவதற்கோ விலையுயர்ந்த மரபணுச் சோதனையைவிட ஓர் அளவு நாடாவே இன்று பயன் மிக்கது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின் சுற்றி அளக்கையில், இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் வயிற்றுக் கொழுப்பு மிகாதிருப்பதற்கான எல்லையாகக் கொள்ளப்படுகின்றன.