கூண்டு வண்டி முதல் கார் பந்தல் வரை



காரின் மேல்கம்பியில் மாட்டிப் பக்கவாட்டில் விரிக்கும் நிழல்துணி வாங்கலாமா என்று நம் வளாகத்தில் சிலர் யோசிக்கிறீர்கள். யோசனை பழையதுதான்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நம் ஆவடி, திருவள்ளூர் வழிப் பாதைதான் அது. அதற்கு முன் அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவிக்க, வசதியுள்ள குடும்பங்களுக்குக் கூண்டு வண்டிதான். மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு. மாட்டை அவிழ்த்துவிட்டால் அதுவே தங்குமிடம்.

ஏன் மூங்கிலும் பாயும்? எடை குறைவு. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும்.

காருக்கும் அதே கணக்குதான். கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று கார் கையேட்டில் பாருங்கள். மேல்கம்பி, நிழல்துணி, மேலே கட்டும் சாமான் மூன்றையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை அதைத் தாண்டக் கூடாது.

துணி இடப்பக்கம் என்றால், பிற்பகலில் காரைத் தெற்கு பார்த்து நிறுத்துங்கள். காரின் நிழலும் சேர்ந்து கிடைக்கும். பூண்டி, பழவேற்காடு போன்ற நீர்க்கரைகளில் காற்று அதிகம். முளையடித்துக் கயிறு கட்டுங்கள். காற்று வலுத்தால் உடனே சுருட்டிவிடுங்கள். பிய்த்துக்கொண்ட கம்பி குழந்தைகள் மேல் விழலாம்.

வருடத்துக்கு இரண்டே பயணமா? ஒரு தார்ப்பாயும் இரண்டு கம்பும் போதும். மிச்சப் பணம் வங்கியில் இருக்கட்டும்.