எலும்பு தேய்வது ஏன்? கால்சியம் குறைபாடு மட்டும் காரணமல்ல

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், தென்னிந்தியாவின் சிறுநகர்ப் பகுதி ஒன்றில் மாதவிடாய் நின்ற 150 பெண்களைப் பரிசோதித்தனர். அனைவரும் அன்றாட வேலைகளைச் செய்து நடமாடிக்கொண்டிருந்தவர்கள். ஆனால், 2008-ம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின்படி, அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எலும்புப்புரை எனப்படும் ஆஸ்டியோபோரோசிஸ் இருந்தது. வலியின்றி வளரும் இந்நோய் பெரும்பாலும் இடுப்பு, மணிக்கட்டு அல்லது முதுகெலும்பு முறிந்த பின்னரே கண்டறியப்படுகிறது.

எலும்பு உயிருள்ள திசு. அதன் பழைய பகுதிகளை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அரித்து அகற்ற, அவ்விடத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புதிய எலும்பை உருவாக்குகின்றன. ஒரு பள்ளத்தை அரிக்கச் சில வாரங்கள் போதும். அதை நிரப்பச் சில மாதங்கள் ஆகும். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பு வேகமெடுக்கிறது. உருவாக்கம் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது.

வைட்டமின் டி குறைந்தால் உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் போதிய அளவு உறிஞ்சாது. வேலூர் ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பெண்களிடம் இக்குறைபாடும் காணப்பட்டது. வெயில் மிகுந்த ஊரில் வசிப்பதால் மட்டும் வைட்டமின் டி கிடைத்துவிடாது. தோலில் நேரடியாக வெயில் பட வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் பரிந்துரைத்தது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உள்ளது. எனவே கேழ்வரகுக் கூழ் உதவும் என்றாலும், அது மட்டுமே போதாது.

மருந்து ஆராய்ச்சிக்குப் புதிய வழி காட்டியது எலும்பு தேயும் நோய் அல்ல, அதற்கு நேர்மாறான நோய். தென்னாப்பிரிக்காவில் சில குடும்பத்தினருக்கு எலும்பு அளவுக்கு மீறித் தடித்து, மண்டையோட்டு நரம்புகளை நெரித்தது. இதற்குக் காரணமான மரபணு 2001-ல் கண்டறியப்பட்டது. எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள் ஸ்கிளீரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரந்து, எலும்பு உருவாக்கத்துக்குத் தடைபோடுகின்றன. அப்புரதம் இவர்களிடம் உருவாகவில்லை.

அந்தத் தடையை விலக்கும் ரோமோசோசுமாப் மருந்து, 2019-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அதற்கு முன்பிருந்த பெரும்பாலான மருந்துகள் அரிப்பைத் தடுப்பவை; இது எலும்பை உருவாக்கவும் செய்கிறது. மாதம் ஒருமுறை என 12 மாதங்கள் மட்டுமே செலுத்தப்படும் இம்மருந்தை நிறுத்தியதும், பெற்ற பலன் குறையாதிருக்க அரிப்பைத் தடுக்கும் மருந்தைத் தொடர வேண்டும். ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ ஏற்பட்டவர்களுக்கு இதைத் தரக் கூடாது என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்துள்ளது.