மலாயா அவசர காலச் சமாதானப் பேச்சு

மலாயாவில் 1948 ஜூன் மாதம் பிரகடனம் செய்யப்பெற்று 1960 ஜூலை 31-ஆம் நாள் முடிவுற்ற அவசர காலத்திலும் அதன் பின்னரும், காட்டிலிருந்து ஆயுதப் போர் நடத்திய மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியினரோடு சமரசம் காண மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை இப்பெயர் குறிக்கும். இவற்றுள் தலையாயது 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாட்களில் கெடா மாநிலத்துப் பாலிங்கில் நடந்த சந்திப்பாகும். அது பயனின்றி முடிந்தமையால் நீடித்த துயரத்தில், நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளருக்கும் பெரும் பங்கு வந்து சேர்ந்தது.

பின்னணி: ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போராடிய கம்யூனிஸ்டுகள், யுத்தம் முடிந்தபின் தொழிற்சங்கங்களின் வாயிலாகத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் செல்வாக்குப் பெற்றனர். 1948 ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்படவே, சர்க்கார் அவசர காலச் சட்டங்களைப் பிறப்பித்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்திற்காக, இந்திய சர்க்கார் பரிந்து பேசியும் பயனின்றி, 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அம்மரணத்தால் அச்சமுற்ற தோட்ட மக்கள் சங்கம் என்ற சொல்லையே உரக்கப் பேசத் தயங்கிய நிலையில், சிரம்பானில் இந்தியத் தொழிலாளர் சங்கப் பணியில் ஈடுபட்டிருந்த பி. பி. நாராயணன் போன்றோர், வன்முறையை நாடாத தொழிற்சங்க நெறியை மெல்ல வளர்த்து, 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகத் துணை நின்றனர்.

தோட்டங்களில் யுத்தம்: ஜெலுபு, கோலப்பிலா, பகாவ் முதலிய பகுதிகளில் ரப்பர் மரங்களும் காடும் அடுத்தடுத்து நின்றமையால், தோட்டத் தொழிலாளர் இரு தரப்பினருக்கும் இடையே அகப்பட்டனர். போராளிகள் பால்மரங்களை வெட்டிச் சிதைத்தனர். அடையாளச் சீட்டுகளைப் பறித்து அழித்தனர். 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி சிதறிக்கிடந்த குடியிருப்புகள் ஒன்றுசேர்க்கப்பட்டு, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. பிரட்டு எனப்படும் விடியற்காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து பால் வெட்டப் புறப்பட்ட ஆணும் பெண்ணும், காட்டுக்கு அரிசி போகிறதா என்று பார்க்கும் காவலர்முன் வாளியையும் தூக்குச்சட்டியையும் திறந்து காட்டியே வெளியேற வேண்டியிருந்தது. கடைக்காரர் டின்னில் அடைத்த உணவை விற்கும்போது, அதைக் காட்டில் சேமித்து வைக்க இயலாதபடி, டின்னில் துளையிட்டே கொடுக்க வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் இருந்தது.

பாலிங் சந்திப்பு: 1955 ஜூலைத் தேர்தலில் 52 ஸ்தானங்களுள் 51-ஐக் கைப்பற்றிய கூட்டணியின் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான், செப்டம்பரில் பொது மன்னிப்பை அறிவித்தார். பின்னர்ப் பாலிங்கிலுள்ள ஆங்கிலப் பள்ளியில் அவரும், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும், மலாயாச் சீனர் சங்கத் தலைவர் டான் செங் லாக்கும் ஒருபுறம் அமர, கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர் சின் பெங், அவருடைய தோழர்கள் சென் தியன், ரஷீத் மைதீன் ஆகியோர் மறுபுறம் அமர்ந்தனர். கட்சிக்குச் சட்டபூர்வமான அங்கீகாரம் வேண்டும் என்றும், சரணடைந்தோரை விசாரணைக்கு உட்படுத்தலாகாது என்றும் சின் பெங் கோரினார். துங்கு இரண்டையும் மறுத்தார். எனினும், உள்நாட்டுப் பாதுகாப்பும் படையும் மக்கள் தேர்ந்தெடுத்த சர்க்காரின் வசமாகுமாயின் போரை நிறுத்தச் சித்தமாயிருப்பதாகச் சின் பெங் கூறியது, விரைவில் லண்டனுக்குச் சென்ற துங்குவின் சுதந்திரக் கோரிக்கைக்கு வலுவூட்டிற்று. 1956 பிப்ரவரி 8-ஆம் நாள் பொது மன்னிப்பு திரும்பப் பெறப்பட்டது.

பிற்கால விளைவுகள்: 1957 ஆகஸ்டு 31-இல் நாடு சுதந்திரம் எய்தியபோது, நெகிரி செம்பிலானின் அரசர் துவாங்கு அப்துல் ரஹ்மான் முதலாவது பேரரசரானார்; 1960 ஏப்ரலில் அவர் மறைந்தபோதும் அவசர காலம் முடிந்திருக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,500 குடிமக்கள் உயிரிழந்தனர். காட்டில் எஞ்சியோர் தாய்லாந்து எல்லைக்குப் பின்வாங்கியும் பகைமை ஓயாமல், 1989 டிசம்பர் 2-ஆம் நாள் தாய்லாந்தின் ஹட்யாயில் கையெழுத்தான உடன்படிக்கையே அதை முடித்தது. போராளிகள் தம் ஆயுதங்களை அழிக்கவும், விரும்பியோர் மலேசியாவில் குடியேறவும் அது வழிசெய்தது. ஆயினும் சின் பெங், தாயகம் திரும்ப அனுமதி கிடைக்காமலே 2013-இல் பாங்காக்கில் காலமானார்.

மதிப்பீடு: சரணாகதியை முன்னிபந்தனையாக வைத்தமையால் பாலிங்கில் முறிந்த சமாதானம், எதிரியின் கௌரவத்திற்கு இடமளித்தமையால் முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் ஹட்யாயில் கைகூடிற்று. 1955-ஆம் ஆண்டு வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை; பாலிங்கில் அமர்ந்த அறுவருள் தமிழர் ஒருவரும் இல்லை. போரின் பாரத்தை நாள்தோறும் சுமந்த தோட்ட மக்களின் குரல் ஒலிக்காத அச்சபை, தாமதத்தின் விலையை உணராமற் கலைந்தது என்பதே அதன் பெருங்குறையாகும்.