படுகளம்: ஊர் கூடிச் செய்த கலை

சிற்பியும் நடிகரும் இசைவாணரும் ஒன்றுகூடிப் பொதுவிடத்தில் ஒரு கலையைப் படைத்தல், பார்ப்போரையும் அதில் பங்குகொள்ளச் செய்தல் என்பதனை இக்காலப் புதுமையாகப் பலரும் பேசுகின்றனர். கடத்தூரைச் சூழ்ந்த தருமபுரி வட்டாரத்தார்க்கு இது புதிதன்று. திரௌபதியம்மன் கோயில்களின் பாரத விழாவே இதற்குச் சான்றாகும்.

பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்தைப் பாடிப் பொருள் விரிப்பார். அக்கதையை இரவில் கூத்தர் ஆடுவர். மரத்தாலான கிரீடமும் புஜக்கட்டையும் கண்ணாடிச் சில்லுகளால் ஒளிரும். மத்தளமும் முகவீணையும் தாளமும் துணை நிற்கும். நிறைவுநாளுக்கென மண்வேலையில் கைதேர்ந்தோர் திறந்தவெளியில் துரியோதனனைப் படுத்த கோலத்தில் பேருருவாக வனைவர். புலவர் சொல்லும் கூத்தர் உடலும் குயவர் மண்ணும் இவ்வாறு ஒரே களத்தில் இணைகின்றன.

ஊராரும் வெறும் பார்வையாளர் அல்லர். பகாசுரன் கதையன்று வீமன் வண்டியில் வர, வீடுதோறும் சோறு இடுவர். அருச்சுனன் தபசில் உயர்ந்த மரத்தேறிய கூத்தர் எறியும் எலுமிச்சையையும் திருநீற்றையும் பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் மடியேந்திப் பெறுவர். படுகளத்தன்று வீமன் மண்ணுருவின் தொடையைத் தாக்கச் செந்நீர் வழியும். பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். பின்னர் அம்மண்ணை ஊரார் பிடிபிடியாக இல்லம் கொண்டு செல்வர். மாலையில் தீமிதி நிகழும். சிற்பம் அழிகிறது; கலை வீடுகளில் தங்குகிறது.

இம்மரபின் ஆற்றலை உணர்ந்தே ந. முத்துசாமி முதலியோர் 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினர். நவீன நாடகம் தன் வேரைத் தெருக்கூத்தில் தேடியது.

எனினும், 'ஊர் கூடியது' என்று பெருமை பேசும்போது 'எந்த ஊர்?' என்றும் கேட்டாக வேண்டும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சாதியினர் வழிபடத் தடுக்கப்பட்டதால் எழுந்த பூசலில் திரௌபதியம்மன் கோயில் 2023 சூனில் முத்திரையிடப்பட்டது. நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே சென்று வழிபட்டனர். சபை நடுவே நீதி கேட்டவள் பாஞ்சாலி. அவள் வாயிலிலேயே நீதி காத்து நின்றது.

பல கலைகள் கூடுவது அரிது. எல்லா மனிதரும் கூடுவது அதனினும் அரிது. படுகளத்து மண் எடுக்கும் கைகளில் வேற்றுமை இல்லாத நாளில்தான் அக்கலை முழுமை பெறும். பத்தாண்டு நிறைவுறும் நம் வட்டத்தின் கவிஞர்களும், நம் கூட்டத்திற்கு இன்னும் யார் வரவில்லை என்று எண்ணிப் பார்ப்பது தகும்.