கோட்டை ஏறிய உடும்பு

புணே நகரில் வாழும் தமிழர்கள் விடுமுறை நாட்களில் சிம்மகட் கோட்டைக்குச் சென்று வருவதுண்டு. நகருக்குத் தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அம்மலைமீது, தானாஜி மாலுசரேயின் நினைவிடத்தருகே நாம் நிற்கையில், உடன்வரும் மராட்டிய அன்பர் ஒரு கதையைத் தவறாமல் கூறுவார். 1670-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இரவு, யஷ்வந்தி என்னும் உடும்பின் இடையில் கயிற்றைக் கட்டிச் செங்குத்தான பாறையின்மேல் ஏவினார்களாம். அது உச்சியை அடைந்து நகங்களை ஊன்றிப் பற்றிக்கொள்ள, அக்கயிற்றின் துணையால் மாவளே வீரர்கள் மேலேறினார்களாம்.

அன்றிரவு தானாஜியும், கோட்டைத் தலைவன் உதயபானும் போரில் மாண்டனர் என்பதும், கோட்டை சிவாஜியின் வசமாயிற்று என்பதும் வரலாறு. உடும்புக் கதையோ நாட்டுப் பாடகர்கள் வளர்த்தது. சிவாஜியின் வரலாற்றைக் கூறும் பழைய உரைநடை நூலைச் சபாசத் என்பவர் எழுதினார். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இராஜாராம் தங்கியிருந்த நம் செஞ்சிக் கோட்டையில் எழுதப்பெற்றது அந்நூல். வீரர்கள் பாறையேறிய செய்தி அதில் உண்டு; உடும்பைப் பற்றிய பேச்சு இல்லை.

ஆயினும் உடும்பின் புகழ் குன்றவில்லை. மராத்தியில் அதன் பெயர் கோர்பட். கோர்படே என்னும் குடிப்பெயரும், முன்னோர் ஒருவர் உடும்பின் துணைகொண்டு கோட்டை ஏறியதால் வந்தது என்பது அக்குடியினரின் மரபு. 1741 முதல் 1743 வரை திருச்சிராப்பள்ளியை ஆண்ட முராரி ராவ் அக்குடியைச் சேர்ந்தவரே. 'உடும்புப் பிடி' என்று வழங்கும் நமக்கும் இம்மரபு அந்நியமன்று.

இனி, உடும்பின் மெய்யான வாழ்வைக் காண்போம். வாலுடன் ஒன்றேமுக்கால் மீட்டர் வரை வளரும் இப்பிராணியின் நிறை 7 கிலோவை எட்டுவதே அரிது. ஓர் ஆளின் பாரத்தை அது தாங்குமா என்பதை நேயர்களே முடிவு செய்யலாம். வண்டு, நண்டு, எலி, முட்டை ஆகியன அதன் இரை. மழைக்காலத்தில் பெட்டை மண்ணைத் தோண்டியோ, கறையான் புற்றிலோ ஏறக்குறைய 20 முட்டைகள் இடும். அவை பொரிய ஐந்தரை மாதம் முதல் எட்டு மாதத்திற்கு மேலும் ஆகும். எல்லா முட்டைகளும் பொரிவதுமில்லை.

எனவே உடும்பைக் கூண்டில் வைத்து இனம் பெருக்குவது எளிதன்று, ஆயினும் இயலாததன்று. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976-இல் தோன்றிய முதலைக் காப்பகத்தில், நம் உடும்பின் இனத்ததான நீர் உடும்பு குஞ்சு பொரித்தது. அங்குக் கண்ட உண்மைகள் 1990-இல் வெளியாயின. ஆப்பிரிக்காவில் நடப்பது வேறு. கானா, டோகோ முதலிய நாடுகளில் சினையுற்ற புல்வெளி உடும்புகளைக் காட்டிலிருந்து பிடித்துவந்து, அவை இடும் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை 'பண்ணையில் பிறந்தவை' என்று அயல்நாடுகளுக்கு அனுப்புகின்றனர். பெயர் பண்ணை, முதலீடு காடு.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. இருந்தும் அதன் வலிமை நம் உடலுக்கு வரும் என்று நம்பி இறைச்சியையும் எண்ணெயையும் தேடுவோர் உளர். செல்வம் தரும் வேர் என்று சந்தைகளில் விற்கப்படும் 'ஹத்தா ஜோடி', ஆண் உடும்பின் குறியை உலர்த்திய பொருளே என்பது 2017-இல் ஆய்வினால் வெளிப்பட்டது. பிடியின் புகழே அப்பிராணிக்குப் பகையாய் முடிந்தது.

ஆகவே, நம் வீட்டுத் தோட்டத்தில் உடும்பு தென்பட்டால் கல்லெடுக்க வேண்டா. வனத்துறையினருக்குச் சொல்லியனுப்பினால் போதும். 'உடும்பு போனாலும் போகட்டும், கையை விட்டால் போதும்' என்பது நம் பழமொழி. இன்று அவ்வாறு வேண்டி நிற்பது மனிதன் அன்று. நம் கையில் அகப்பட்ட உடும்பே.